குப்பியைத் திறக்கும் முன்: எல்12 ரைபோசோம் புரதத்தோடு முதல் சில நாட்கள்

எல்12 புரதத்தோடு வேலை செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை நம்பாதீர்கள். எந்தப் புரதமானாலும் நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) ஒரு சொட்டு வைத்து 280-ல் அளந்து பழகிய கை இங்கேயும் அதையே செய்யும். கருவி கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். புரதம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் குழாயில் புரதம் நிறையவே இருக்கும்.

280-ல் ஒளியை உறிஞ்சுவது முக்கியமாக டிரிப்டோஃபேன், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். சிஸ்டீன்கள் ஜோடி சேர்ந்திருந்தால் அவையும் கொஞ்சம் உறிஞ்சும். ஈ. கோலை பாக்டீரியாவின் எல்12-ல் மொத்தம் 120 அமினோ அமிலங்கள். அதில் டிரிப்டோஃபேன் இல்லை, டைரோசின் இல்லை, சிஸ்டீன் இல்லை, ஹிஸ்டிடினும் இல்லை. ஃபீனைல்அலனின் இரண்டு, ஆர்ஜினின் ஒன்றே ஒன்று. இந்தப் புரதத்தைக் கையாளும்போது வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்தப் பட்டியலிலிருந்தே கிளம்புகிறது. எனவே குப்பியைத் தொடுவதற்கு முன் அமினோ அமில வரிசையை அச்செடுத்து, மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பி0ஏ7கே2 (P0A7K2) என்ற எண்ணில் இருக்கிறது.

இந்த வழிகாட்டி, ஈ. கோலையின் எல்12-ஐ மறுசேர்க்கை முறையில் (மரபணுவை ஒரு செல்லில் புகுத்தி) தயாரித்த புரதமாக விலைக்கு வாங்கியோ, தாங்களே தயாரித்தோ பயன்படுத்தப் போகும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்கு. வேறு பாக்டீரியாவின் எல்12 என்றால் படிகள் பெரும்பாலும் இவையே. ஆனால் வரிசை மாறும், அதோடு அளக்கும் முறையும் மாறலாம். அதன் வரிசையைத் தனியாகப் பாருங்கள்.

இது என்ன புரதம்

ரைபோசோம் என்பது செல்லில் புரதங்களைக் கட்டும் இயந்திரம். ஈ. கோலையின் 70எஸ் ரைபோசோமில் 30எஸ், 50எஸ் என்று இரு பாகங்கள். 50எஸ் பாகத்தில் ஒரு ஓரமாக விரல்போல நீண்டு நிற்கும் காம்பு ஒன்று உண்டு. அந்தக் காம்பு எல்12-ஆல் ஆனது. மற்ற ரைபோசோம் புரதங்கள் ஒரு ரைபோசோமுக்கு ஒரு பிரதிதான். இது மட்டும் நான்கு. இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, எல்10 என்ற புரதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும். தெர்மஸ் தெர்மோஃபிலஸ் போன்ற வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்களில் ஆறு பிரதிகள்.

பெயர்தான் புதியவர்களைக் குழப்பும். 1970-ல் கால்ட்ஷ்மிட், விட்மன் இருவரும் ரைபோசோம் புரதங்களை இருபரிமாண ஜெல்லில் (புரதங்களைப் பிரித்துக் காட்டும் கூழ்த் தகடு) ஓட்டி, புள்ளி விழுந்த இடத்தை வைத்து எண் கொடுத்தார்கள். எல்7 ஒரு புள்ளி, எல்12 இன்னொரு புள்ளி. பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். எல்7-ன் தொடக்க முனையில் ஒரு அசிட்டைல் தொகுதி ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. எல்8 என்று எண் வாங்கிய புள்ளியோ தனிப் புரதமே இல்லை. எல்10-உம் எல்12-உம் பிரியாமல் சேர்ந்து ஓடியதைத்தான் எல்8 என்று எண்ணியிருந்தார்கள். ஆகவே எல்7/எல்12 என்றோ, எல்12 என்றோ, 2014-ல் வந்த புதிய பெயரிடல்படி பிஎல்12 என்றோ எங்கே பார்த்தாலும் ஒன்றுதான். மரபணுவின் பெயர் ஆர்.பி.எல்.எல்.

அமைப்பை இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி: ஜோடி சேர்வதும், எல்10-ஐப் பிடிப்பதும் அதன் வேலை. கடைசியில் உருண்டையான பகுதி: இ.எஃப்-டி.யு., இ.எஃப்-ஜி. போன்ற மொழிபெயர்ப்புக் காரணிகள் (ரைபோசோம் புரதம் கட்டும்போது உதவும் புரதங்கள்) வந்து தொடுவது அங்கே. இரண்டுக்கும் நடுவே தளதளவென்று ஆடும் ஒரு கயிறு. இப்படி ஆடிக்கொண்டே இருப்பதால், ரைபோசோமின் பல படிக அமைப்புப் படங்களில் இந்தப் புரதம் தெளிவாகத் தெரிவதில்லை. எந்த முனையில் டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டிவைக்கும் சிறு துண்டு) வைப்பது என்ற கேள்விக்குப் பதிலும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

வாங்குவதானால் விவரப் பக்கத்தில் பார்க்க வேண்டியவை

விலையையும் அளவையும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுவதுதான் வழக்கம். நான்கு விஷயங்களை அதற்கு முன்னால் பாருங்கள்.

எந்த இனத்தின் புரதம் என்பது முதலாவது. எல்12 எல்லா பாக்டீரியாவிலும் உண்டு என்பதால் ஒரே பெயரில் டஜன் கணக்கில் பட்டியல் வரும். உங்கள் ஆய்வு புரூசெல்லா நோயெதிர்ப்பு பற்றியது என்றால், ஈ. கோலை புரதம் உங்களுக்கு வேண்டியதல்ல. யூனிப்ராட் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, எந்தப் பகுதி. ஈ. கோலை எல்12-க்கு '2–121' என்று போட்டிருந்தால் அது முழுப் புரதம். மரபணு 121 அமினோ அமிலங்களுக்கானது. செல் முதல் மெத்தியோனினை வெட்டி எறிந்துவிடுவதால் மிஞ்சுவது 120. 'பார்ஷியல்' என்று போட்டிருந்தால் எந்தத் துண்டு என்று கேட்டு எழுதுங்கள். இதே மெத்தியோனின் இன்னொரு சிக்கலையும் உண்டாக்கும். யூனிப்ராட் மெத்தியோனினை 1 என்று எண்ணுகிறது, பழைய கட்டுரைகள் அடுத்து வரும் செரினை 1 என்று எண்ணுகின்றன. கட்டுரையில் 73-ஆவது ஆர்ஜினின் என்றால் யூனிப்ராட்டில் அது 74. பிறழ்வு (மியூட்டேஷன்) செய்ய பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டை வடிவமைக்கும்போது இந்த ஒரு எண் தவறினால் பக்கத்து அமினோ அமிலம் மாறிப்போகும்.

மூன்றாவது, டேக். எந்த முனையில், எவ்வளவு நீளம், வெட்டி எடுக்க வழி உண்டா. காரணிகளோடு பிணைப்பைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கடைசி முனையில் பெரிய டேக் வேண்டாம். எல்10-ஓடு சேர்ப்பதாக இருந்தால் தொடக்க முனை டேக் தொல்லை தரலாம். ஆன்டிபாடி தயாரிக்க மட்டும் என்றால் இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

நான்காவது, எதில் தயாரித்தது, எவ்வளவு தூய்மை. பாக்டீரியா புரதத்துக்கு ஈ. கோலையில் தயாரித்ததே போதும். ஈஸ்ட்டிலோ பாலூட்டி செல்லிலோ தயாரித்ததற்கு அதிகம் கொடுக்க ஒரு தனிக் காரணம் இருக்க வேண்டும். 85 சதவீதத்துக்கு மேல் தூய்மை என்று போட்டிருந்தால், மீதி 15 சதவீதம் வரை வேறு எதுவும் இருக்கலாம் என்று அர்த்தம். மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்பு செல்கள் மேல் போடுவதானால் எண்டோடாக்சின் அளவைக் கேளுங்கள். ஈ. கோலையில் தயாரித்த புரதத்தோடு அதன் சுவர்க் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு வரும். செல் கிளர்ந்தெழுந்தது புரதத்தாலா கொழுப்பாலா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. இந்தக் குப்பிகள் எல்லாமே ஆய்வுக்கு மட்டும். மனிதர்களுக்கோ விலங்கு சிகிச்சைக்கோ அல்ல.

தூளைக் கரைப்பது

குப்பி உலர்பனியில் வந்தாலும் குளிர்ப்பையில் வந்தாலும், உடனே மூடியைத் திறக்காதீர்கள். உறைந்து உலர்ந்த புரதம் பஞ்சுபோல லேசானது. வரும் வழியில் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கும். அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மைக்ரோஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றி, தூள் அடியில் இறங்கிய பிறகு திறவுங்கள்.

நிறுவனம் சொன்ன அளவுக்கு, பொதுவாக மில்லிக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் வரும்படி, கிருமி நீக்கிய நீரை ஓரமாக விடுங்கள். வோர்டெக்ஸில் வைக்க வேண்டாம், நுரைத்தால் புரதம் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் கெட்டுப்போகும். குழாயைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டி, 10 நிமிடம் பனியில் விட்டால் கரைந்துவிடும். கரைந்த பிறகு ஒருமுறை வேகமாகச் சுற்றி, அடியில் வெள்ளையாக ஏதேனும் படிகிறதா என்று பாருங்கள். எல்12 நன்றாகக் கரையும் புரதம். படிவு நிறைய இருந்தால் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய நேரம் அது.

நீங்களே தயாரிப்பதானால்

என்னைக் கேட்டால், மில்லிகிராம் கணக்கில் தேவைப்படுகிறவர்கள் தாங்களே தயாரிப்பது நல்லது. எல்12 அதற்கு இணங்கிக் கொடுக்கும் புரதம். சிறியது, கரையும், நிறைய வரும்.

ரைபோசோம் புரதங்களை இப்படித் தனித்தனியாகத் தயாரிக்கும் வழிக்கு ஒரு வரலாறு உண்டு. டி7 புரோமோட்டர் முறையை (புகுத்திய மரபணுவை ஈ. கோலையில் அதிகமாக இயக்கும் வழி) 1980களில் உருவாக்கியது அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஸ்டடியரின் குழு. அதே ஆய்வகத்தில் அப்போது வேலை பார்த்தவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸின் ரைபோசோம் புரத மரபணுக்களை எடுத்து ஈ. கோலையில் அதிக அளவில் தயாரித்து, 1992-ல் எஸ்5 என்ற புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டார். ரைபோசோமின் அமைப்பையும் செயலையும் பற்றிய ஆய்வுக்காக 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது அதற்கு அப்புறம். நீங்கள் இன்று டி7 முறைக்கான பெட் (pET) பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தில் எல்12-ஐப் போடும்போது நடக்கிற பாதை அதுவே.

பிளாஸ்மிடை வடிவமைக்கும்போது எல்12 கொடுக்கும் ஒரு சலுகையை விட்டுவிடாதீர்கள். தொடக்க முனையில் ஆறு ஹிஸ்டிடின், அதற்கு அடுத்து டி.இ.வி. புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) வெட்டும் இடம் வையுங்கள். அந்த நொதி குளுட்டமேட், அஸ்பராஜின், லியூசின், டைரோசின், ஃபீனைல்அலனின், குளுட்டமின் என்ற ஆறையும் அடையாளம் கண்டு, குளுட்டமினுக்கு அடுத்து வெட்டும். வெட்டுக்கு அந்தப் பக்கம் கிளைசினோ செரினோ இருக்க வேண்டும். பல புரதங்களில் இந்த ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்12 இயற்கையாகவே செரினில்தான் தொடங்குகிறது: செரின், ஐசோலியூசின், திரியோனின், லைசின். அந்த செரினையே வெட்டும் இடத்தின் கடைசி எழுத்தாக வைத்துவிட்டால், வெட்டிய பிறகு கிடைப்பது ஒரு அமினோ அமிலம்கூடக் கூடாத, குறையாத எல்12. அது அசிட்டைல் இல்லாத வடிவம்.

வளர்ப்பது வழக்கமான முறைதான். பி.எல்.21 டி.இ.3 என்ற ஈ. கோலை செல்கள், 37 டிகிரி, ஓ.டி. 600-ல் (செல் அடர்த்தியைக் காட்டும் அளவு) 0.6 வந்ததும் தூண்டுவதற்கு 0.5 மில்லிமோலார் ஐ.பி.டி.ஜி., மூன்று நான்கு மணி நேரம். தூண்டுவதற்கு முன்பும் பின்பும் ஒரு மில்லி எடுத்துத் தனியாக வையுங்கள், பிறகு ஜெல்லுக்கு வேண்டும்.

செல்களை 50 மில்லிமோலார் டிரிஸ் பி.எச். 8, 300 முதல் 500 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் இமிடசோல் உள்ள பஃபரில் கரைத்து, பனியில் வைத்து சோனிகேட் செய்யுங்கள் (ஒலியலையால் செல்லை உடைப்பது). 20,000 ஜி-யில் அரை மணி நேரம் சுற்றினால் செல் சிதைவுகள் இறங்கிவிடும். ஆனால் செல்லின் சொந்த ரைபோசோம்கள் மேல்நீரிலேயே இருக்கும். அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் வசதி இருந்தால் 1,00,000 ஜி-யில் ஒரு சில மணி நேரம் கூடுதலாகச் சுற்றி அவற்றையும் இறக்கிவிடுவது நல்லது. நீங்கள் தயாரிப்பது ரைபோசோம் புரதம். செல்லின் ரைபோசோம் அதையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளக்கூடும்.

மேல்நீரை, ஹிஸ்டிடின் டேக்கைப் பிடிக்கும் நிக்கல் ரெசினில் ஏற்றி, 20 முதல் 40 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250-ல் இறக்குங்கள். இங்கே கருவியின் 280 கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இமிடசோலே கோட்டைக் கொஞ்சம் தூக்கும். டேக்கில் உள்ள ஒரே டைரோசின் இன்னும் கொஞ்சம் தூக்கும். அவ்வளவுதான். எல்லாக் குழாய்களிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து ஜெல்லில் ஓட்டுங்கள். எது புரதம் என்று ஜெல் சொல்லட்டும்.

அடுத்து இமிடசோலை நீக்கும் டயாலிசிஸ். எடை குறைவான புரதம் என்பதால் 3.5 கிலோடால்டன் சவ்வு. அதே டயாலிசிஸ் பையிலேயே, எடையில் ஐம்பதுக்கு ஒரு பங்கு டி.இ.வி. நொதியும் 1 மில்லிமோலார் டி.டி.டி.யும் சேர்த்து, 4 டிகிரியில் இரவு முழுக்க விடலாம். மறுநாள் மறுபடி நிக்கல் ரெசின் வழியாக விடுங்கள். வெட்டுப்பட்ட டேக், வெட்டுப்படாத புரதம், ஹிஸ்டிடின் டேக் உள்ள டி.இ.வி. எல்லாம் ரெசினில் நின்றுவிடும். எல்12-ல் ஒரு ஹிஸ்டிடின்கூட இல்லாததால் அது நேரே வெளியே வந்துவிடும். இந்தமுறை உங்களுக்கு வேண்டியது ஃப்ளோ-த்ரூ, அதாவது ரெசினில் நிற்காமல் வெளியே வரும் நீர்.

இந்த இடத்தில் நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். முதல் வருடம், இரண்டு லிட்டர் கல்ச்சர், மூன்று நாள் வேலை. வெட்டுவதற்கு முன் 280-ல் சிறிய அளவு காட்டியது. வெட்டி, ரெசின் வழியாக விட்ட ஃப்ளோ-த்ரூவில் சுத்தமாகப் பூஜ்யம். நொதி ஏதோ செய்து புரதத்தை அழித்துவிட்டது என்று நினைத்து, அந்தக் குழாய்களைக் கொட்டினேன். டைரோசின் இருந்தது டேக்கில் மட்டும். டேக் போனதும் 280-உம் போனது. புரதம் முழுக்க நான் கொட்டிய நீரில் இருந்தது. அன்று சாயங்காலம் அதே குழாயின் அடியில் மிஞ்சியிருந்த சொட்டை ஜெல்லில் ஓட்டியபோது 12 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பட்டை. அந்த ஜெல் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

இன்னொரு சுத்திகரிப்புப் படி வேண்டுமென்றால் அயனிப் பரிமாற்றம். பெரும்பாலான ரைபோசோம் புரதங்கள் காரத்தன்மை கொண்டவை. எதிர்மின் கொண்ட ஆர்.என்.ஏ.வோடு ஒட்ட அதுதான் வசதி. எல்12 இதற்கு நேர் எதிர், அமிலத்தன்மை கொண்டது. பி.ஐ. (நிகர மின்சுமை பூஜ்யமாகும் பி.எச்.) 5-க்கும் கீழே. மற்ற ரைபோசோம் புரதத்துக்கு எழுதிய பழைய முறையில் எஸ் அல்லது சி.எம். ரெசின் போட்டிருந்தால் எல்12 அதில் நிற்காமல் ஓடிவிடும். இதற்கு வேண்டியது கியூ ரெசின்.

ஜெல் ஃபில்ட்ரேஷன் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோடியின் எடை 24 கிலோடால்டன்தான். ஆனால் நீளமான, ஆடும் அமைப்பு என்பதால் அதே எடையுள்ள உருண்டைப் புரதத்தைவிட முன்னதாகவே வெளியே வரும். திரண்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பிறழ்வு வடிவங்களைத் தயாரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லுக்குள் அதன் சொந்த எல்12-உம் இருக்கிறது. ஜோடியில் ஒன்று உங்களுடையது, மற்றொன்று செல்லுடையது என்று கலந்து வரலாம். ஜோடிகள் பிரிந்து துணை மாற்றிக்கொள்வதும் உண்டு. நிறமாலை எடைமானியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றமில்லாத எல்12-க்கு 12,164 டால்டன், அசிட்டைல் சேர்ந்த எல்7-க்கு 12,206. உங்கள் பிறழ்வின் எடைக்குப் பக்கத்தில் இவை தலைகாட்டினால் கலப்பு இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. இங்கே வரும் பிழை அடுத்து வரும் எல்லா எண்களிலும் ஏறி உட்காரும்.

280 உதவாது என்று பார்த்தோம். சரி, பிராட்ஃபோர்ட் என்ற சாய முறை? அந்த நீலச் சாயம் முக்கியமாக ஆர்ஜினினைப் பிடிக்கும், அப்புறம்தான் மற்றவை. நம் புரதத்தில் ஆர்ஜினின் ஒன்று. பி.எஸ்.ஏ.வை (மாட்டு ரத்தத்தின் அல்புமின்) அளவுகோலாக வைத்துப் பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பி.சி.ஏ. முறை பெப்டைட் பிணைப்பையும் பார்ப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதிலும் சிஸ்டீன், டைரோசின், டிரிப்டோஃபேனுக்குப் பங்கு உண்டு.

நான் பரிந்துரைப்பது 205 நானோமீட்டர். அங்கே ஒளியை உறிஞ்சுவது பெரும்பாலும் பெப்டைட் பிணைப்பு. அது எல்லாப் புரதத்திலும் உண்டு. 1974-ல் ஸ்கோப்ஸ் கொடுத்த கணக்குப்படி, டிரிப்டோஃபேனும் டைரோசினும் இல்லாத புரதம் மில்லிக்கு 1 மில்லிகிராம் இருந்தால், 1 சென்டிமீட்டர் பாதையில் உறிஞ்சல் சுமார் 27.

செய்முறை இப்படி. புரதத்தை 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் டயாலிசிஸ் செய்யுங்கள். இமிடசோல், டி.டி.டி., டிரிஸ் மூன்றும் 205-ல் உறிஞ்சும் என்பதால் அவை இருக்கக் கூடாது. டயாலிசிஸ் பைக்கு வெளியே இருந்த அதே பஃபரை வைத்துக் கருவியைப் பூஜ்யமாக்குங்கள், புதிதாகக் கலக்கியதை அல்ல. புரதத்தை 50 மடங்கு நீர்த்து, குவார்ட்ஸ் குவெட்டில் அளந்து பாருங்கள். 0.54 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.54-ஐ 27-ஆல் வகுத்தால் 0.02. அதை 50-ஆல் பெருக்கினால் மில்லிக்கு 1 மில்லிகிராம். மூன்று வெவ்வேறு நீர்ப்பில் அளந்து, மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். உறிஞ்சல் 0.2-க்கும் 0.8-க்கும் இடையே இருக்கட்டும்.

அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்துதரும் இடம் இருந்தால், ஒரே ஒரு தொகுதிக்காவது அதைச் செய்து, உங்கள் 205 கணக்கைச் சரிபார்த்துவிடலாம். அதன்பின் அந்தத் தொகுதியே உங்கள் அளவுகோல்.

அதே நேரத்தில் செறிவான கரைசலை 240-லிருந்து 320 வரை ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். நான் இந்தப் புரதத்தில் மிகவும் விரும்பிப் பார்ப்பது இந்தக் கோடுதான். தூய எல்12 என்றால் 252, 258, 264 பக்கத்தில் மூன்று சின்னச் சின்ன மேடுகள் அலைபோலத் தெரியும். அந்த இரண்டு ஃபீனைல்அலனின்கள் போடும் கையெழுத்து அது. மற்ற புரதங்களில் டிரிப்டோஃபேனின் பெரிய மேட்டுக்கு அடியில் இது மறைந்துபோகும். 270 தாண்டியதும் கோடு தரையைத் தொட வேண்டும். அலைக்குப் பதில் 260-ல் வழவழப்பான ஒரு குன்று நின்றால் ஆர்.என்.ஏ. கலந்திருக்கிறது. 280-ல் தெளிவான உறிஞ்சல் இருந்தால் வேறு புரதம் கலந்திருக்கிறது. இந்தப் புரதத்தில் 280 காட்டும் எண், அழுக்கின் அளவு.

மோலார் கணக்கில் இன்னொரு கவனம். மில்லிக்கு 1 மில்லிகிராம் என்றால் தனிப் புரதமாக 82 மைக்ரோமோலார், ஜோடியாக 41. எதைச் சொல்கிறோம் என்று நோட்டில் எழுதாவிட்டால், ஆறு மாதம் கழித்து உங்கள் எண்ணே உங்களுக்குப் புரியாது.

ஜெல்லில் பார்ப்பது

12 கிலோடால்டன் சிறிய புரதம். 10 சதவீத ஜெல்லில் சாயக்கோட்டோடு ஓடிப்போய்விடும். 15 சதவீதம் போடுங்கள், அல்லது டிரைசின் ஜெல். ஜெல்லுக்குப் போடும் கூமாசியும் பிராட்ஃபோர்டில் இருக்கும் அதே வகைச் சாயம்தான், எனவே எல்12 பட்டை உண்மையைவிட வெளிறித் தெரியலாம். சாயத்தில் இரவு முழுக்க விடுங்கள். பட்டையின் அடர்த்தியை ஒப்பிட்டுத் தூய்மை சதவீதம் சொல்லும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஆர்ஜினின் நிறைந்த ஒரு சிறு கலப்படம் தன் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும்.

வேலை செய்கிறதா என்று சோதிப்பது

ஒற்றைப் பட்டை வந்துவிட்டது என்பதால் புரதம் உயிரோடு இருக்கிறது என்று ஆகாது. சி.டி. நிறமாலைமானி (புரதத்தின் மடிப்பைக் காட்டும் கருவி) இருந்தால் 208, 222 இரண்டிலும் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். எல்12-ல் ஆல்ஃபா சுருள் அதிகம்.

உண்மையான சோதனை ரைபோசோமோடுதான். ரைபோசோமை ஐம்பது சதவீத எத்தனாலும் செறிவான அம்மோனியம் குளோரைடும் கலந்த கரைசலில், குளிரில் கழுவினால் எல்12 கழன்று வந்துவிடும். சூடான நிலையில் கழுவினால் எல்10-உம் சேர்ந்து வந்துவிடும், எனவே பனியிலேயே செய்யுங்கள். மீந்த ரைபோசோமோடு இ.எஃப்-ஜி.யும் ஜி.டி.பி.யும் (குவானோசின் டிரைபாஸ்பேட்) சேர்த்தால் ஜி.டி.பி. உடையும் வேகம் வெகுவாகக் குறைந்திருக்கும். உங்கள் எல்12-ஐத் திரும்பச் சேர்த்தால் வேகம் மீள வேண்டும். வெளிவரும் பாஸ்பேட்டை மாலகைட் பச்சைச் சாயத்தால் அளக்கலாம். கழுவாத ரைபோசோம், கழுவிய ரைபோசோம், கழுவியதோடு எல்12, எல்12 மட்டும் என்று நான்கு குழாய்களும் கட்டாயம். கடைசிக் குழாயில் ஜி.டி.பி. உடைந்தால் உங்கள் புரதத்தோடு வேறு ஏதோ நொதி வந்திருக்கிறது.

வேகம் மீளவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மெத்தியோனினை. எல்12-ல் மெத்தியோனின் மூன்று: 14, 17, 26. மூன்றும் ஜோடி சேரும் பகுதியில் இருக்கின்றன. அவை ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஜோடி பிரியும், செயல் குறையும். 1970களின் கடைசியில் வைஸ்பாக், புராட் குழு இதைக் காட்டியது. கெட்ட மெத்தியோனினைத் திரும்பச் சீராக்கும் நொதியையும் பிறகு எல்12-ஐ வைத்தே கண்டார்கள். எனவே சிஸ்டீன் இல்லாத புரதம், காற்று பட்டால் என்ன என்று அலட்சியம் வேண்டாம். பஃபரிலிருந்து காற்றை நீக்குங்கள். பழைய ட்வீன் (சோப்பு போன்ற திரவம்) பாட்டிலைத் தொடாதீர்கள், அதில் பெராக்சைடு சேர்ந்திருக்கும். எடைமானியில் 16, 32, 48 என்று எடை கூடியிருந்தால் நடந்தது இதுதான்.

சிஸ்டீன் இல்லாதது ஒரு விதத்தில் பெரிய வசதி. ஒளிரும் சாயம் ஒட்ட விரும்புகிறவர்கள், வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சிஸ்டீனைப் புகுத்தி, மேலைமைடு சாயத்தைச் சேர்த்தால் அது அங்கே மட்டும் ஒட்டும். வேறெங்கும் ஒட்ட இடமில்லை. அப்படிச் செய்த புரதத்துக்கு மட்டும் டி.சி.இ.பி. போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஜோடிகள் சிஸ்டீன் வழியே கோத்துக்கொள்ளும்.

வைத்திருப்பது

தயாரித்ததோ வாங்கியதோ, கரைத்த அன்றே 20 மைக்ரோலிட்டர் அலிக்வாட்டுகளாக (ஒருமுறைக்கான சிறு பங்குகள்) பிரித்துவிடுங்கள். கிளிசரால் 10 சதவீதம் போதும். மைனஸ் 20-ல் உறையாமல் திரவமாகவே வைக்க வேண்டுமென்றால் 50 சதவீதம். திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து மைனஸ் 80-க்கு அனுப்புங்கள். எடுத்த அலிக்வாட் 4 டிகிரியில் ஒரு வாரம் வரை. மறுபடி உறையவைக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் ஜெல்லுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மில்லிக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே நீர்த்தால் பிளாஸ்டிக் சுவர் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டாத குழாய்களைப் பயன்படுத்துங்கள், நீர்ப்பை அன்றன்றைக்குச் செய்யுங்கள்.

குழாயின் மேல் எழுதவேண்டியது: புரதத்தின் பெயர், டேக் உண்டா வெட்டியதா, தொகுதித் தேதி, மைக்ரோமோலார் எண், அதற்குப் பக்கத்தில் 'தனி' அல்லது 'ஜோடி', கடைசியாக '205-ல் அளந்தது'. உங்களுக்குப் பிறகு அந்த ஃப்ரீசரைத் திறக்கிறவர் அதை எடுத்துக்கொண்டுபோய் 280-ல் வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டாமல் இருக்க அந்தக் கடைசி வார்த்தை வேண்டும்.